முகவரும் முகமூடியும்



கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயார் ஒருவர் என் இல்லத்திற்கு வந்திருந்தார். அவர்தம் மகள் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் பயின்றவள். கட்டுரைப் போட்டிகளில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். எஸ்.பி.எம். தேர்வை முடித்த பின்னர் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தாயாரின் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. வெளிநாட்டு இலக்கிய முகவர் நிறுவனம் ஒன்று அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார்.

"சார், பாப்பாவோட கதைய எடுத்துக்கிட்டாங்களாம். நீங்க ஒரு தடவ படிச்சுப் பாருங்க சார்," என்றார்.

முதல் தாள் முழுவதும் பாராட்டு. அரிய திறமை, உலகச் சந்தைக்கு ஏற்ற கதை, முதல் நாவல் என்று நம்பவே முடியவில்லை என்றெல்லாம் எழுதியிருந்தது. என் மாணவியைப் பற்றியல்லவா எழுதியிருக்கிறார்கள்! மனம் பூரித்துப் போய், தாளைத் திருப்பும் முன்னரே, "ரொம்ப சந்தோஷம்மா, பாப்பாவுக்கு என் வாழ்த்தச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் தாளின் அடிப்பகுதியில்தான் விவரம் இருந்தது. கையெழுத்துப் படியை மதிப்பிடுவதற்காக 450 அமெரிக்க டாலரை ஏழு நாட்களுக்குள் அனுப்ப வேண்டுமாம். அதன்பின் அவர்கள் பரிந்துரைக்கும் தொகுப்பாசிரியரிடம் நாவலைச் செப்பனிட்டுக்கொள்ள வேண்டுமாம். அதற்குக் கட்டணம் தனி.

நான் வாழ்த்தியதைக் கேட்டு அந்தத் தாயாரின் முகம் மலர்ந்திருந்தது. அதைக் கலைப்பது எளிதாக இல்லை. "ரெண்டு நாள் பொறுங்கம்மா, பணம் எதுவும் கட்டிராதீங்க," என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்த இரண்டு நாள் பல வாரங்களாக நீண்டது. இந்தத் தொழிலின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஏனெனில், இதே போன்ற தாள் நாளை உங்கள் கைக்கும் வரலாம்.

முகவர் எதற்கு?

தமிழ் நூலுலகில் முகவர் என்பவர் பெரும்பாலும் இல்லை. எழுத்தாளர் பதிப்பகத்தாரை நேரில் பார்ப்பார், அல்லது கடிதம் எழுதுவார். நம் நாட்டில் அதுவும் குறைவு. எழுத்தாளரே தம் சேமிப்பிலிருந்து பணம் போட்டு, சென்னையிலோ கோலாலம்பூரிலோ அச்சிட்டு, நூல் வெளியீட்டு விழா நடத்தி, முதல் நூலைப் பெற்றுக்கொள்ளும் பெரியவரின் அன்பளிப்பைக் கொண்டு அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டுவார். இதில் இழிவு ஒன்றுமில்லை. நம் மலேசியத் தமிழிலக்கியத்தின் பெரும்பகுதி இப்படித்தான் அச்சேறியது. ஆனால் இந்தப் பழக்கத்தால் நமக்கு ஒரு குருட்டுப்புள்ளி ஏற்பட்டுவிட்டது. நூல் வெளிவர வேண்டுமானால் எழுதியவர் காசு கொடுக்க வேண்டும் என்பது நமக்கு இயல்பாகப் படுகிறது. அந்தத் தாயாருக்கும் 450 டாலர் பெரிய தொகையாகத் தெரிந்ததேயொழிய, விநோதமாகத் தெரியவில்லை.

ஆங்கில நூலுலகின் நடைமுறை வேறு. இலண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் எழுத்தாளர் நேரே அனுப்பும் கையெழுத்துப் படியை வாசிப்பதில்லை. முகவர் வழியாக வருவதையே பார்க்கின்றன. டாஷ் ஆவின் "தி ஹார்மனி சில்க் ஃபேக்டரி" 2005-இல் வெளிவந்தது. ஈப்போவில் வளர்ந்த பிரீத்தா சமரசன், அந்த ஊர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றை வைத்து எழுதிய "ஈவ்னிங் இஸ் த ஹோல் டே" 2008-இல் வெளிவந்தது. இத்தகைய நூல்களைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் முகவரைத் தேடுவதில் வியப்பில்லை; தேடத்தான் வேண்டும். அந்த வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பத்து விழுக்காட்டில் தொடங்கிய தொழில்

முகவர் தொழிலுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வயது. கிளாஸ்கோவில் பிறந்த ஏ. பி. வாட் என்பவர், 1875-ஆம் ஆண்டு வாக்கில், தம் நண்பரும் எழுத்தாளருமான ஜார்ஜ் மெக்டொனால்டின் கதையை விற்றுக் கொடுத்ததிலிருந்து இலண்டனில் இதைத் தொழிலாகவே நடத்தினார். தாமஸ் ஹார்டி, கிப்ளிங், கானன் டாயில் போன்றோர் பின்னாளில் அவரிடம் வந்தனர்.

வாட்டின் ஏற்பாடு மிக எளியது. எழுத்தாளருக்குப் பதிப்பகம் 100 பவுண்டு கொடுத்தால், வாட் 10 பவுண்டை எடுத்துக்கொள்வார். எஞ்சிய 90 எழுத்தாளருக்கு. எழுத்தாளருக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் வாட்டுக்கும் ஒன்றுமில்லை. ஆகவே விற்க முடியாது என்று தோன்றும் நூலை அவர் ஏற்கவே மாட்டார். ஏற்றுக்கொண்டதை நல்ல விலைக்கு விற்கப் பாடுபடுவார். முகவரின் நாணயத்திற்கு அவருடைய நல்ல குணத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. அவருடைய வயிற்றுப்பாடே அதற்குப் பிணையாக நின்றது. இன்று அந்தப் பங்கு உள்நாட்டு விற்பனைக்குப் பொதுவாக 15 விழுக்காடு, வெளிநாட்டு உரிமைகளுக்குப் பொதுவாக 20 விழுக்காடு என்று உயர்ந்துள்ளது. ஆனால் அடிப்படை மாறவில்லை.

இந்தப் புதிய ஆள் பதிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. 1893-இல் வில்லியம் ஹைன்மன் என்ற பதிப்பாளர் முகவர்களை வெளிப்படையாகவே சாடினார். நடுவில் ஒருவர் வந்தால் எழுத்தாளர் கேட்கும் விலை ஏறும் அல்லவா? சாடலுக்குப் பின்னால் அந்தக் கணக்கும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நிற்க. வாட் நாணயமாகத் தொழில் செய்துகொண்டிருந்த அதே இலண்டனில்தான் போலிகளும் முளைத்தார்கள். எழுத்தாசை கொண்ட எளியவர்களிடமிருந்து, "உங்கள் நூலை வெளியிடுகிறோம், செலவில் ஒரு பங்கை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பணம் பறித்த ஒரு கூட்டம் இருந்தது. ஒரே ஆட்கள் பல பெயர்களில் கடை விரித்தார்கள். ஒரு பெயர் பதிப்பகம் போல ஒலிக்கும். இன்னொன்று சங்கம் போல. அவற்றுள் ஒன்றின் பெயர் "இலக்கியம், அறிவியல், கலைகளுக்கான அனைத்துலகச் சங்கம்". அந்தச் சங்கத்தின் முகப்பில் இருந்தவர் சர் கில்பர்ட் கேம்பல் என்ற பாரோனெட், அதாவது பரம்பரைப் பட்டம் உடைய பிரபு. அவரே கதைகள் எழுதியவர். ஆனால் பணமுடையில் இருந்தவர். "சர்" என்ற பட்டம் கடிதத்தாளின் தலைப்பில் இருந்தால், சிற்றூரில் இருக்கும் ஆசிரியரோ பாதிரியாரோ ஐயப்படுவாரா? 1892-இல் இலண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் அந்தக் கூட்டத்தார் தண்டிக்கப்பட்டனர். கேம்பலுக்குக் கிடைத்தது 18 மாதச் சிறை.

இந்த வழக்கைப் படித்தபோது, என் மேசை மேல் இருந்த இரண்டு தாள்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அனைத்துலகம் என்ற சொல் அதன் தலைப்பிலும் இருந்தது. நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் தூண்டிலில் மாட்டும் புழு மாறவில்லை.

எழுத்தாளர் பக்கமும் சும்மா இருக்கவில்லை. வால்டர் பெசன்ட் என்ற நாவலாசிரியர் 1884-இல் எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். கவிஞர் டென்னிசன் அதன் முதல் தலைவர். 1890 முதல் "தி ஆத்தர்" என்ற இதழை அச்சங்கம் வெளியிட்டு, பதிப்பு ஒப்பந்தங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுத்தாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அச்சங்கம் இன்றும் இயங்குகிறது. உறுப்பினரின் ஒப்பந்தங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பணியையும் செய்து வருகிறது.

ஒரே அலுவலகத்தில் இரண்டு கதவுகள்

வெளிப்படையான மோசடியைக் காட்டிலும் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது நியூயார்க்கின் ஸ்காட் மெரிடித் முகவர் நிறுவனத்தின் வரலாறு. 1946-இல் தொடங்கிய நிறுவனம் அது. போலியன்று. பி. ஜி. வுட்ஹவுஸ், ஆர்தர் சி. கிளார்க், நார்மன் மெய்லர் ஆகியோரின் நூல்களைக் கையாண்ட, பெரும்பெயர் பெற்ற நிறுவனம். ஆனால் அதற்குள் இன்னொரு வேலையும் நடந்தது. பெயரில்லாத புது எழுத்தாளர்கள் கட்டணம் செலுத்திக் கதையை அனுப்பினால், அதைப் படித்து விரிவான கடிதம் எழுதப்படும். கடிதத்தின் அடியில் ஸ்காட் மெரிடித்தின் பெயர் இருக்கும். எழுதியவர்களோ, சொற்பக் கூலிக்கு அமர்த்தப்பட்ட இளைஞர்கள். பின்னாளில் புகழ்பெற்ற துப்பறியும் கதாசிரியர்களான டொனால்டு வெஸ்ட்லேக்கும் லாரன்ஸ் பிளாக்கும் இளமையில் அந்த மேசைகளில் அமர்ந்து வேலை செய்தவர்களே. பிளாக் தம் நினைவுக்குறிப்புகளில் இதை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

அந்தக் கடிதங்கள் எப்படி எழுதப்பட்டன என்பதுதான் ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது. எழுத்து மோசம் என்று சொல்லக்கூடாது. உங்கள் நடை அருமை, ஆற்றல் தெரிகிறது, கதையின் அமைப்பில்தான் சிறு குறை, அடுத்த கதையை அனுப்புங்கள் என்று எழுத வேண்டும். அடுத்த கதை என்றால் அடுத்த கட்டணம். திருத்தி அனுப்பச் சொன்னால் அதே கதை மறுபடி வந்து தலைவலி கொடுக்கும். ஆகவே திருத்தவே முடியாத குறை என்று ஏதாவது காட்டி, புதிய கதைக்கு ஆசை காட்டுவார்களாம்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கட்டுரைப் புத்தகத்தில் சிவப்பு மையால் "மிக நன்று" என்று எழுதும்போது நாம் எத்தனை முறை முழுதும் படித்துவிட்டு எழுதுகிறோம்? நாம் காசு வாங்குவதில்லை, உண்மைதான். ஆனால் படிக்காமல் பெற்ற பாராட்டைப் பிள்ளை நம்பப் பழகிவிட்டால், அதை விற்பவரிடமும் நம்பத்தானே செய்வாள்?

ஸ்காட் மெரிடித் நிறுவனம் செய்ததை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். கட்டணத்திற்கு ஒரு கடிதம் என்று சொன்னார்கள்; கடிதம் கொடுத்தார்கள். ஆனால் காசு கொடுத்தவர் வாங்கியதாக நினைத்தது வேறு. வுட்ஹவுசின் முகவர் தம் கதையைப் படிக்கிறார் என்று நம்பி அனுப்பினார். புகழ்பெற்ற பெயரை முன்னால் நிறுத்தி, பின்னால் வேறு ஆளை வைக்கும் வித்தை அக்காலத்தில் பரவலாகவே இருந்தது. அமெரிக்காவில் 1961-இல் தோன்றிய "ஃபேமஸ் ரைட்டர்ஸ் ஸ்கூல்" என்ற அஞ்சல்வழிப் பள்ளி, பெரும் எழுத்தாளர்களின் படங்களை விளம்பரத்தில் போட்டு மாணவர்களைச் சேர்த்தது. ஜெசிகா மிட்ஃபர்ட் 1970 ஜூலையில் "அட்லாண்டிக்" இதழில் அதன் உள்விவகாரத்தை எழுதினார். அந்தப் பெரியவர்கள் எவரும் மாணவரின் பயிற்சித் தாளைப் படிப்பதில்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. இரண்டே ஆண்டுகளில் அப்பள்ளி நொடித்துப்போனது.

தொண்ணூறுகளின் அறுவடை

1990-களில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. கணினி வந்ததால் நாவல் தட்டச்சு செய்வது எளிதாயிற்று, எழுதுவோர் பெருகினர். பதிப்பகங்களோ ஆட்குறைப்புச் செய்து, வாசலை முகவர்களிடம் ஒப்படைத்துவிட்டன. முகவர் ஆவதற்கு உரிமமோ தேர்வோ எதுவும் தேவையில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பெயர்ப்பலகை மாட்டினால் முகவர். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

கெண்டக்கி மாநிலத்தில் டொரதி டியரிங் என்பவர், பதிப்புத் துறையில் எந்த அனுபவமும் இல்லாமல் ஒரு முகவர் நிறுவனத்தை நடத்தினார். முதலில் வாசிப்புக் கட்டணம். பிறகு, எழுத்தாளரிடம் பணம் பெற்று நூல் போடும் பதிப்பகங்களுக்கு ஆள் அனுப்புதல். இறுதியில் குடும்பத்தாரே ஒரு பதிப்பகத்தைத் தொடங்கி, வாடிக்கையாளர்களின் நூல்களைத் தாங்களே "வாங்கி"க்கொண்டார்கள். பணம் கட்டிய பலருக்கு நூல் வரவேயில்லை. எஃப்.பி.ஐ. விசாரித்தது. 1999-இல் டொரதிக்கும் அவர் கணவருக்கும் மூன்று ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரியான ஜிம் ஃபிஷர் இவ்வழக்கை 2004-இல் ஒரு நூலாகவே எழுதினார். அதன் தலைப்பு "டென் பர்சென்ட் ஆஃப் நத்திங்". ஒன்றுமில்லாததில் பத்து விழுக்காடு! வாட்டின் பத்து விழுக்காடு எங்கே வந்து நின்றது பாருங்கள்.

நியூயார்க் மாநிலத்தின் "எடிட் இங்க்" விவகாரம் இன்னும் நுட்பமானது. இது முகவர் நிறுவனமன்று. கட்டணம் பெற்றுக் கையெழுத்துப் படியைச் செப்பனிடும் நிறுவனம். முகவர்கள் சிலர் தங்களுக்கு வந்த படிகளைத் திருப்பி அனுப்பும்போது, "நல்ல கதை, தொழில்முறைத் திருத்தம் தேவை, எடிட் இங்கை அணுகுங்கள்" என்று எழுதினார்கள். எழுத்தாளர் பணம் கட்டியதும் அதில் ஒரு பங்கு பரிந்துரைத்த முகவருக்குப் போனது. முகவர் நேரடியாக ஒரு காசும் கேட்கவில்லை. அதனால் ஐயமும் எழவில்லை. மாநிலத் தலைமை வழக்கறிஞர் 1998-இல் வழக்குத் தொடுத்த பிறகே பலருக்கு விவரம் புரிந்தது. இரண்டாம் தாளில் இருந்த "நாங்கள் பரிந்துரைக்கும் தொகுப்பாசிரியர்" என்ற வரி, இதைப் படித்த பிறகு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

அதே மாநிலத்தில் மார்த்தா ஐவரி என்ற பெண்மணி, கெல்லி ஓ'டொனல் என்ற பெயரில் முகவராகக் கடிதம் எழுதி, மார்த்தா ஐவரியின் பதிப்பகத்தை எழுத்தாளர்களுக்குப் பரிந்துரைத்தார். ஆள் ஒன்று, வேடம் இரண்டு. 2006-இல் சிறைத்தண்டனை பெற்றார்.

எதிர்த்து நின்றவர்கள்

அமெரிக்க முகவர்களில் நேர்மையானவர்களுக்கும் இது தலைக்குனிவாகத்தான் இருந்தது. 1991-இல் அங்கிருந்த இரண்டு முகவர் அமைப்புகள் ஒன்றாக இணைந்து, ஒழுக்க விதிகளோடு ஒரு சங்கமாயின. உறுப்பினர் எவரும் வாசிப்புக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அவ்விதிகளில் முக்கியமானது. அமெரிக்க இலக்கிய முகவர் சங்கம் என்ற புதுப்பெயரில் அது இன்று இயங்குகிறது. உறுப்பினராக இல்லாத நல்ல முகவர்களும் உண்டு. ஆனால் உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

1998-இல் ஆன் கிரிஸ்பின், விக்டோரியா ஸ்ட்ராஸ் ஆகிய இரு பெண் எழுத்தாளர்கள் "ரைட்டர் பிவேர்" என்ற எச்சரிக்கைப் பணியைத் தொடங்கினர். ஏமாந்தவர்களின் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் திரட்டி, பிறரை எச்சரிப்பதே அவர்களின் வேலை. கூலியில்லாத் தொண்டு. கிரிஸ்பின் 2013-இல் மறைந்தார்; பணி தொடர்கிறது.

அறிபுனைக் கதாசிரியர் ஜேம்ஸ் மெக்டொனால்டு செய்ததோ வேடிக்கை. பணம் எழுத்தாளரை நோக்கித்தான் பாய வேண்டும் என்ற விதியைப் புதியவர்களிடம் ஓயாமல் சொல்லி வந்தவர் அவர். வாட்டின் ஏற்பாடும் அதுதானே! "பப்ளிஷ்அமெரிக்கா" என்ற பதிப்பகம் தான் கட்டணம் வாங்கி எதையும் அச்சிடும் நிறுவனமன்று, தேர்ந்தெடுத்தே வெளியிடுகிறோம் என்று சொல்லி வந்தது. மெக்டொனால்டு தம் எழுத்தாள நண்பர்களைத் திரட்டி, ஆளுக்கொரு அத்தியாயமாக, முடிந்தவரை மோசமாக ஒரு நாவலை எழுதச் செய்தார். "அட்லாண்டா நைட்ஸ்" என்று பெயர். ஓர் அத்தியாயம் இல்லவே இல்லை. ஓர் எண் இருமுறை வரும். ஓர் அத்தியாயத்தைக் கணினி நிரலே தாறுமாறாக எழுதியது. 2004 டிசம்பரில் அந்த நாவலை ஏற்றுக்கொள்வதாகக் கடிதம் வந்தது! 2005 ஜனவரியில் எழுத்தாளர்கள் உண்மையை வெளியிட்டதும் ஏற்பு திரும்பப் பெறப்பட்டது. இதைப் படித்துவிட்டு நான் தனியே சிரித்துக்கொண்டிருந்ததை என் துணைவியார் விசித்திரமாகப் பார்த்தார்.

விதியை மட்டும் நம்பினால்?

பணம் எத்திசையில் பாய்கிறது என்று பார்த்தாலே போதும் என்று நான் முடித்திருப்பேன். ஆனால் அண்மைக்கால வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை.

ஜோசப் ஹெல்லர், மாரியோ பூசோ போன்றோரைக் கையாண்ட கேண்டிடா டொனாடியோவின் வழிவந்த "டொனாடியோ அண்ட் ஓல்சன்" நியூயார்க்கின் மதிப்புமிக்க நிறுவனம். எவரிடமும் வாசிப்புக் கட்டணம் வாங்கியதாகப் பேச்சில்லை. அதன் கணக்காளர், எழுத்தாளர்களுக்குச் சேர வேண்டிய 34 இலட்சம் டாலரைப் பல ஆண்டுகளாகக் கையாடியது 2018-இல் தெரியவந்தது. "ஃபைட் கிளப்" எழுதிய சக் பாலனியுக் கிட்டத்தட்ட வெறுங்கையாய் நின்றார். கணக்காளருக்கு ஈராண்டுச் சிறை, நிறுவனமும் நொடித்தது. பணம் முகவர் வழியாக வருவதால் நேரும் ஆபத்து இது. பதிப்பகத்தின் உரிமத்தொகைக் கணக்கை எழுத்தாளர் தாமும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்தது ஆள்மாறாட்டம். இலண்டன் பதிப்பகம் ஒன்றில் பணிபுரிந்த ஃபிலிப்போ பெர்னார்தினி என்ற இளைஞர், முகவர்களாகவும் பதிப்பாசிரியர்களாகவும் வேடமிட்டு மின்னஞ்சல் அனுப்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிவராத கையெழுத்துப் படிகளைக் கைப்பற்றினார். மின்னஞ்சல் முகவரியில் ஆங்கில "எம்" எழுத்து வர வேண்டிய இடத்தில் "ஆர்", "என்" இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுவிடுவார். கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். 2022 ஜனவரியில் கைதாகி, மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். பணத்திற்காகச் செய்யவில்லை, படிக்கும் ஆசையால் செய்தேன் என்பது அவர் சொன்ன விளக்கம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

இப்போது மோசடிக்காரர்கள் கடனாக வாங்குவது உண்மையான முகவர்களின் பெயரையே. உண்மையான பெயர், உண்மையான நிறுவனம், அதே சின்னம். மின்னஞ்சல் முகவரி மட்டும் வேறு. எண்ணூறுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களிடமிருந்து 4 கோடியே 40 இலட்சம் டாலருக்கு மேல் பறித்ததாக, கலிபோர்னியாவிலும் பிலிப்பீன்சிலும் இயங்கிய ஒரு கூட்டத்தார் மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது 2025 ஜனவரியில் வெளிவந்தது. பெரிய பதிப்பகம் வாங்கப்போகிறது, திரைப்படமாகப் போகிறது, அதற்கு முன்னதாக இந்தச் செலவு, அந்தச் செலவு என்று சொல்லி வாங்கினார்களாம்.

மாணவியின் நாவல்

நான்காம் வாரம் அந்த மாணவியை வரச் சொன்னேன். கணினி முன் இருவரும் உட்கார்ந்தோம். நான் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. கேள்விகளை மட்டும் கேட்டேன். இந்த நிறுவனம் இதுவரை எந்த நூலை, எந்தப் பதிப்பகத்திற்கு விற்றது? அவள் தேடினாள். பாராட்டுரைகள் நிறைய இருந்தன. நூற்பெயர் ஒன்றுகூட இல்லை. நல்ல முகவர் தாம் விற்ற நூல்களைத்தான் முதலில் காட்டுவார். வேறு எதைக் காட்டி எழுத்தாளரை ஈர்ப்பது? நாவலைப் பாராட்டிய முதல் தாளில் கதைமாந்தர் ஒருவரின் பெயராவது இருக்கிறதா? இல்லை. எந்த நாவலுக்கும் பொருந்தும் பாராட்டு. ஏழு நாள் கெடு எதற்கு? அவள் பதில் சொல்லவில்லை. பரிந்துரைக்கப்பட்ட தொகுப்பாசிரியரின் முகவரியும் நிறுவனத்தின் முகவரியும் ஒரே தெருவில், ஒரே எண்ணில் இருந்ததை அவளே கண்டுபிடித்தாள்.

அதன்பின் சற்று நேரம் எதுவும் பேசாமல் இருந்தாள். "அப்போ என் கதையை அவங்க படிக்கவே இல்லையா, சார்?" என்றாள். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

நாவலை என்னிடம் விட்டுப் போகச் சொன்னேன். முந்நூறு பக்கங்களுக்கு மேல். என் ஆங்கிலத்திற்கு அது மெதுவான வாசிப்பு; பதினேழு நாள் ஆயிற்று. பாட்டியைப் பற்றிய அத்தியாயங்கள் உயிரோடு இருந்தன. நடுப்பகுதி தொய்ந்திருந்தது. கோலாலம்பூர்க் காட்சிகள் அவள் பார்த்து எழுதியவையல்ல என்று தெரிந்தது. இவற்றையெல்லாம் பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். "மிக நன்று" என்று எங்கும் எழுதவில்லை.

அவள் நடுப்பகுதியைத் திருத்தி எழுதினாள். பிறகு, தான் விரும்பிப் படித்த நாவல்களின் நன்றியுரைப் பக்கங்களில் எழுத்தாளர்கள் நன்றி சொல்லியிருந்த முகவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்களின் சொந்த நிறுவனப் பக்கங்களிலிருந்தே முகவரியை எடுத்து, ஐவருக்கு அனுப்பினாள். கட்டணம் எதுவும் இல்லை. இரண்டு மாதங்கள் கழித்து ஒருவரிடமிருந்து மட்டும் பதில் வந்தது. மூன்றே வரி. பாட்டியின் பாத்திரம் நினைவில் நிற்கிறது, ஆனால் இந்நாவலை விற்கும் வழி தமக்குத் தெரியவில்லை, அடுத்து எழுதுவதைப் பார்க்க விரும்புகிறேன் என்றிருந்தது.

தாயார் அதையும் அச்செடுத்துக் கொண்டு வந்தார். மூன்று வரியையும் நான் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"வேணாம்னு சொல்லியிருக்காங்க. இவங்க நல்லவங்கதானா, சார்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா," என்றேன். "இவங்க படிச்சிருக்காங்க."